ஒரு மிஸ்டு கால்

காரையார் அணையில் நீர் நூற்றுப் பதினொரு அடி.
நோட்டில் முதலில் இதைத்தான் எழுதுவேன்.
பிறகு எடை:
சிலேபி பதினாலு கிலோ, கட்லா ஆறு.
ஈச்சன் காணியின் கூடையில் ஒரு விரால்,
அதைத் தராசில் வைக்கவில்லை,
பிள்ளைக்குக் காய்ச்சல் என்றான்.
வைக்கவில்லை என்றும் எழுதினேன்.

ஒருங்கிணைப்பாளர் என்று
என் பெயருக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் ஸ்டாம்பு.
குடியிருப்பில் யார் வாயிலும் அந்தச் சொல் நிற்காது,
நோட்டுக்காரி என்பார்கள்.
வனத்துறைக்கு நான் ‘ஏம்மா’.
மீன்துறைக்கு ‘மேடம்’, மார்ச் மாதம் மட்டும்.

கரை காட்டு ஆபீசுக்கு.
மீன் மீன் ஆபீசுக்கு, குஞ்சு விட்டது அவர்கள்தானாம்.
தண்ணீர் மதகுக்காரர்களுக்கு.
அம்பாசமுத்திரத்துக் கூட்டத்தில்
மல்லன் காணி எழுந்து கேட்டார்:
“அப்போ நனையுறது மட்டும் எங்களதா சார்?”
சிரித்தார்கள். டீ வந்தது.
தீர்மானப் புத்தகத்தில் அந்தக் கேள்வி ஏறவில்லை.

ஐப்பசி, கார்த்திகை
மயிலாறு சேரும் கசத்தில் வலை கிடையாது.
கெண்டை சினையோடு ஓடையேறும் காலம்.
எந்த ஆபீசும் சொன்னதல்ல,
நாங்களே கூடிப் பேசி முடித்தது.
கூடியதில் பாதிப்பேர் முனகினார்கள்.

கார்த்திகை ஏழு, விடியலில்
கசத்தில் ஒரு வலை.
மிதவைக்கு வெட்டிக் கட்டியது நீலச் செருப்பு.
அதன் ஜோடி எங்கள் வாசலில் கிடந்தது.

கொழுந்தன் பூதத்தான்.
முழுப்பெயரும் எழுதினேன், தகப்பன் பேரோடு.
அன்றிரவு வீட்டில் யாரும்
என்னிடம் உப்புக்கூடக் கேட்கவில்லை.

“அபராதம்னா அவங்கிட்ட ஏது ரூவா?
பாறையில படுக்கட்டும்” என்றாள் மாலாத்தி.

டவர் கிடைப்பது அந்தப் பாறையில் மட்டும்.
போன கார் சாகுபடிக்கு ராத்திரியில் மதகைத் திறந்தார்கள்.
வயலுக்குப் போகட்டும்,
அந்த நெல்தான் ரேஷனாக எங்களுக்கும் ஏறி வருகிறது.
ஆனால் விடிவதற்குள் நீர் ஒன்றரை அடி இறங்கி,
அணை கட்டியபோது முங்கிய மரங்களின்
கட்டைகள் தலைகாட்டி,
பதினேழு வலை கந்தல்.

மனுவோடு இன்ஜினியரைப் பார்த்தேன்.
முன்னறிவிப்பு நடைமுறையில் இல்லை என்றார்.
நடைமுறை வேண்டாம் சார்,
திறக்கும் முன்னே ஒரு மிஸ்டு கால்.
காசுகூட ஆகாது.
என் நம்பரை உள்ளங்கையில் எழுதிக்கொண்டார்.
அப்போது சாப்பாட்டு நேரம்.

பூதத்தானுக்கு ஏழு இரவு.
கம்பளி, டார்ச், என் போன்.
யானை வந்தால் இறங்கிவிடு என்றேன்,
நாலு நாள் கழித்து நான் அவனிடம் பேசிய பேச்சு.

மூன்றாம் இரவு ஓடி வந்தான்.
எல்லாரையும் எழுப்பினான்.
பரிசல்கள் இறங்கின, பாதி வலை கரையேறிற்று.
பாறையேறி அந்த நம்பரை அடித்தேன்.
தனிநபர் கடன் வேண்டுமென்றால்
எண் ஒன்றை அழுத்தச் சொன்னது ஒரு பெண்குரல்.
ஈச்சன் இரண்டு நாள் சிரித்தான்.

ஐந்தாம் இரவு, மூன்று நாற்பது.
ஓடி வரவில்லை இம்முறை.
மேலேயிருந்தே டார்ச்சை ஆட்டினான், ஆட்டினான்.
கதவைத் திறந்து பார்த்தவர்கள் திரும்பப் படுத்தார்கள்.
நானும் அவன் பெண்டாட்டி செம்பியும்
ஒரு பரிசலில் இறங்கினோம்.
கயிற்றில் கை வைத்ததுமே தெரிந்தது,
மதகுப் பக்கம் இழுப்பு.
நடுவில் அவனும் நீந்தி வந்து சேர்ந்தான்,
டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு.

ஒன்பது வலை எடுத்தோம். எட்டு போயிற்று.

காலையில் நோட்டு.
நீர் நூற்றுப் பத்து அடி.
மிஸ்டு கால், வந்தது, ஒன்று.
அதற்குக் கட்டம் இல்லை, ஓரத்தில் எழுதினேன்.
போன எட்டு வலையும் யார் யாருடையதென்று
ஒவ்வொரு கதவாகக் கேட்டு எழுதினேன்.
கதவு திறந்தவர்கள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

பூதத்தானுக்கு
இன்னும் இரண்டு இரவு பாக்கி.